கேதமும் கொட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டு, டவுனில் சின்னதாக ஓர் உரக்கடையும் வைத்திருக்கிறேன். இது இலக்கியம் பற்றிய கேள்வி இல்லை என்பதால் உங்களுக்கு எழுதலாமா என்று சில நாட்கள் தயங்கினேன்.

2006 செப்டம்பர் 4ஆம் தேதி திங்கட்கிழமை மாலை கடையில் இருந்தபோது, தொலைக்காட்சியில் முதலை பிடித்துக் காட்டும் ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் திருக்கை மீனின் முள் குத்தி இறந்துவிட்ட செய்தியைத் தொலைக்காட்சியின் அடியில் ஓடிய வரியில் பார்த்தேன். வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்த நாளிலிருந்து அவருடைய நிகழ்ச்சியை நான் தவறவிட்டதில்லை. ஏழு வயதாகும் என் மகளும் என்னோடு உட்கார்ந்து பார்ப்பாள். அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியாது, மகளுக்கு முழுவதும் புரியாது. ஆனாலும் முதலைக்கு முன்னால் அவர் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கும்போது எங்களுக்கு விளங்காதது என்று எதுவும் இருந்ததில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. உண்மையாகவே அழுதேன். வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர், "எவனோ ஒரு வெள்ளக்காரன் செத்ததுக்கு நீங்க எதுக்கு மாப்ளே கூலியில்லாம மாரடிக்கிறீக?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை மதுரையில் ஒரு கல்லூரி மைதானத்தில் நாட்டுப்புற இசை விழா நடந்தது. மகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் குடும்பத்தோடு போனோம். நையாண்டி மேளம், ஒயிலாட்டம், கும்மி என்று போய்க்கொண்டிருந்தபோது, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி மேடையில் உட்கார்ந்து ஒப்பாரி பாடினார். பாடி முடித்ததும் கூட்டம் கைதட்டியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கால் மணி நேரம் கழித்துப் பறையாட்டம் வந்தது. நான் எழுந்து விசிலடித்தேன், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியும்விட்டேன். மைத்துனர் சும்மா இருப்பாரா? "அழுத கண்ணே காயல, அதுக்குள்ள விசிலா?" என்றார். அதே சனிக்கிழமைதான் இர்வினை அவருடைய பூங்காவில் அடக்கம் செய்தார்கள் என்று பிறகு செய்தித்தாளில் படித்தேன். அன்றிலிருந்து மனம் சரியில்லை.

முன்பின் தெரியாத ஒருவருக்காக அழுதது நடிப்பா? அழுதது உண்மையென்றால் ஆடியது என்ன? சாவுக்கும் பறை, சந்தோஷத்துக்கும் பறை என்று இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற மக்கள்தானே நாம் என்று மைத்துனரிடம் சொல்லிப் பார்த்தேன். எனக்கே அந்தப் பதில் ஒட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் எங்கள் வைக்கோல் படப்பில் ஒரு சாரைப்பாம்பு வந்தது. முன்பென்றால் கம்பைத் தூக்கியிருப்போம். இந்த முறை இர்வின் நினைவாக அதை வாலைப் பிடித்துத் தூக்கி மகளுக்குக் காட்டிவிட்டு, ஓடைப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருமங்கலம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது உங்கள் மைத்துனர் மீது எரிச்சல் வந்தது. அவர் கேலியாகக் கேட்டதை நீங்கள் கேள்வியாக எடுத்துக்கொண்டதனால்தான் இந்தக் கடிதமே எனக்குக் கிடைத்தது என்பது உறைத்த பிறகு அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. ஆனால் கடைசிப் பத்தி என்னைக் கவலையில் ஆழ்த்திவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஸ்டீவ் இர்வினின் ரசிகனாக இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். காட்டுயிர்களைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைப் படித்துக் காட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டவன் நான். ஒரு மரத்தடியில் அரை நாள் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பார்த்ததைப் பத்து வரியில் எழுதுகிறவரே இயற்கையாளர் என்பது என் எண்ணம். காக்கி அரைக்கால் சட்டையோடு "கிரைக்கி" (அடேயப்பா) என்று கூவியபடி முதலையின் முதுகில் பாய்கிற ஒருவர் திரையில் வந்தால் வேறு சேனலுக்குப் போய்விடுவேன். ஒரு கோடை விடுமுறையில் பேரன் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால்தான் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு விஷப்பாம்பின் முன்னால் மண்ணில் குப்புறப் படுத்து, தன் முகத்தை அதன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, இவள் எவ்வளவு அழகி பாருங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் நாம். நல்லபாம்பை அடித்துக் கொன்றுவிட்டால் காசு வைத்து, பால் தெளித்து, மனிதருக்குச் செய்வதுபோலத் தகனம் செய்கிறவர்களும் நாமே. பயத்தோடும் பக்தியோடும் பாம்பைப் பற்றிப் பேச நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன, ஆனால் அதை அழகி என்று ஒருவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவருடைய கத்தல் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காதுதான். என்றாலும், திருவிழாக் கூட்டத்தில் தொலைத்த தம்பியைக் கண்டுபிடித்தவன் போடுகிற கூச்சல் அது என்று அன்றைக்கு விளங்கியது.

அவர் இறந்த பிறகு வெளிவந்த வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தபோது இன்னும் கொஞ்சம் விளங்கியது. தந்தை பாப் இர்வின் குழாய் வேலை பார்த்தவர். தாய் லின் பிரசவ விடுதியில் செவிலியாக இருந்தவர். இருவரும் 1970இல் மெல்போர்னை விட்டுக் குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பீர்வா என்ற சிற்றூரில் ஊர்வனவற்றுக்காக ஒரு சிறிய பூங்காவைத் தொடங்கினார்கள். மகனுக்கு ஆறாவது பிறந்தநாளில் கிடைத்த பரிசு ஒரு மலைப்பாம்பு. ஒன்பது வயதில், தந்தை அருகில் நிற்க, முதல் முதலையைப் பிடித்திருக்கிறார். வளர்ந்த பிறகு, மனிதர்கள் புழங்கும் இடங்களுக்கு வந்துவிட்ட முதலைகளைச் சுட்டுத் தள்ளாமல் உயிரோடு பிடித்து இடம் மாற்றுவதற்காக, ஒரு நாயை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஆற்றங்கரைகளிலேயே நெடுநாள் தங்கிக் கிடந்திருக்கிறார். 1992இல் டெர்ரியை மணந்து, தேனிலவுக்குப் போன இடத்திலும் இருவரும் முதலை பிடித்ததைப் படமெடுத்ததுதான் நீங்கள் பார்த்த நிகழ்ச்சியின் முதல் பகுதியானது. சம்பாதித்த பணத்தில் நிலத்தை வாங்கி அதைக் காடாகவே விட்டுவைத்தார் என்பதைப் படித்தபோது, நம் ஊரில் ஏரியைத் தூர்த்து மனை போடுகிறவர்களின் நினைவு வந்தது. சரி, அது வேறு கதை.

முன்பின் தெரியாதவருக்காக அழலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கேதம், அதாவது துக்கம், கேட்கப் போகும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். தெருமுனை வரைக்கும் விலைவாசி பேசிக்கொண்டு வருவார்கள். வாசலை மிதித்ததும் முடியை அவிழ்த்துவிட்டு, அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். இறந்தவரை வாழ்நாளில் மூன்று தடவைகூடப் பார்த்திராதவளும் அந்த வட்டத்தில் இருப்பாள். அவள் பாட்டை நின்று கேட்டால், இரண்டாவது மூன்றாவது அடியிலேயே அவளுடைய அண்ணன் உள்ளே வந்துவிடுவான், கட்டிக்கொடுத்த இடத்தில் பட்ட பாடு வந்துவிடும், தவறிப்போன பிள்ளை வந்துவிடும். இதை வெளியிலிருந்து பார்க்கிற படித்தவர்கள், இது சடங்கு, நடிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். என் ஆத்தா அப்படிப் பாடி அழுததை மடியில் உட்கார்ந்து கேட்டவன் நான். அவளுடைய நெஞ்சு அதிர்ந்தது என் முதுகில் பட்டுக்கொண்டிருக்கும். யார் வீட்டுச் சாவானாலும் அவளவள் துக்கத்தையும் சேர்த்து அழுது தீர்ப்பதற்குத்தான் அந்த வட்டம். உங்கள் அழுகையிலும் உங்களுடையது ஏதோ ஒன்று கலந்திருக்கும். மகளோடு உட்கார்ந்து பார்த்த மாலைகள் இனி இல்லை என்பது ஒன்று போதாதா? அவர் இறந்தபோது அவருடைய மகளுக்கும் எட்டு வயதுதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு இன்னும் பழைய சான்று ஒன்றை அதே 2006இல்தான் வைகைக் கரை நமக்குக் கொடுத்திருக்கிறது. ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்துபோன பேடு தீயன் அந்தவன் என்பவனுக்காக நட்ட கல் என்று சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மாடுகளுக்காக நடந்த சண்டையில் செத்த ஒருவன் அவன். உறவுக்காரர்களுக்கு மட்டும் அவன் வேண்டியவன் என்றால் கல்லில் எழுத்தை வெட்ட வேண்டியதில்லை, அவர்களுக்குத்தான் பெயர் தெரியுமே. அவனை அறியாத வழிப்போக்கனும் நின்று பெயரைப் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். செய்தியைப் படித்த அன்று, மதுரையில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நானும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் மைத்துனர் பார்த்திருந்தால் எனக்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

இரண்டாவது கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அழுதவன் ஆடலாமா? நான் சிறுவனாக இருந்தபோது அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கோயில்மாடு செத்துப்போயிற்று. வயதாகி, கொஞ்ச நாள் படுத்துக் கிடந்து செத்த மாடு. அன்றைக்கு ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சளும் சந்தனமும் பூசி, கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். சுற்றுப்பட்டியிலிருந்து மாலையும் வேட்டி துண்டுமாக ஆட்கள் மேளத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். பெண்கள் தங்கள் வீட்டு ஆம்பிளைக்குப் பாடுவதுபோல அதற்கு ஒப்பாரி பாடினார்கள். அது எந்தெந்த வாடியில் யார் கைக்கும் சிக்காமல் போனது என்பதெல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. அடக்கம் முடிந்தபோது இருட்டிவிட்டது. மூன்று ஊர் மேளகாரர்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களை அப்படியே அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. சாப்பாடு போட்டு உட்கார வைத்தார்கள். நடுச்சாமத்துக்கு மேல் இரண்டு நாகசுரமும் தவிலும் பம்பையும் தமுக்குமாக நையாண்டி மேளம் பிடித்த பிடியில், பகலெல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்து ஆடினார்கள். மாட்டை மறந்துவிட்டு ஆடினார்கள் என்று அந்த ஊரில் இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அது செத்த அன்றைக்கு நடந்த ஆட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

நம் கிராமங்கள் இந்த விஷயத்தில் கறாரானவை என்பதையும் சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அழலாம், எப்போது வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டுவிட மாட்டார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு ஊரில் ஒரு சாவு விழுந்தால், கொட்டு இல்லாமல் சீக்கிரம் எடுத்துவிட்டு விழாவை நடத்துவார்கள். அந்த வீட்டார் மட்டும் ஒதுங்கியிருப்பார்கள். பங்காளிகளுக்குத் தீட்டு இத்தனை நாள், மாமன் மச்சானுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கின்படி பார்த்தால் ஆஸ்திரேலியாக்காரருக்காக உங்களுக்கு ஒரு நாள் தீட்டுகூடக் கிடையாது என்று மைத்துனரிடம் சொல்லுங்கள். என் அப்பா இறந்து பதினாறாம் நாள் கருமாதி முடிந்த அன்று சாயங்காலம், தாய்மாமன் எங்கள் எல்லோரையும் கிளப்பி டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சினிமா பார்க்க வைத்தார். துக்கம் கலைப்பது என்று அதற்குப் பெயர். அம்மா வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "நீ வராட்டி பிள்ளைக சிரிக்காதுக" என்று மாமா அதட்டினார். படத்தில் வந்த ஒரு வேடிக்கைக்கு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும், சிரித்த வேகத்தில் அழுததையும், இரண்டும் ஒரே மூச்சில் நடந்ததையும் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். எனக்கு அப்போது பதினோரு வயது. இன்றைக்கு உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

பீர்வாவிலும் ஏறத்தாழ இதே முறையில்தான் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்டும் குயின்ஸ்லாந்து முதல்வர் பீட்டர் பீட்டியும் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த முன்வந்தபோது, தன் மகன் சாதாரண மனிதனாகவே நினைக்கப்பட விரும்பியிருப்பான் என்று சொல்லித் தந்தை மறுத்துவிட்டார். நீங்கள் குறிப்பிடுகிற சனிக்கிழமை, 9ஆம் தேதி, குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மட்டும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். பிறகு 20ஆம் தேதி, அவர் முதலைகளுக்கு இரை கொடுத்துக் காட்டிய அதே அரங்கில், ஏறத்தாழ ஐயாயிரம் பேர் முன்னிலையில் நினைவுக் கூட்டம் நடந்தது. ஜான் வில்லியம்சன் என்ற அவர்கள் நாட்டுப் பாடகர் கித்தாரோடு வந்து, இர்வினுக்குப் பிடித்தமான ஒரு பாட்டைப் பாடினார். எட்டு வயது மகள் பிண்டி, தானே எழுதியதைப் படித்தாள். ஊர் ஊராக அவர் ஓட்டித் திரிந்த வண்டியில் சாமான்களை ஏற்றி, கடைசி முறையாக அரங்கை விட்டு வெளியே ஓட்டிச் சென்றார்கள். முடிவில் பூங்கா ஊழியர்கள் மஞ்சள் பூக்களால் தரையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்கள். அந்தச் சொல் "கிரைக்கி". ஆச்சரியத்திலும் குதூகலத்திலும் அவர் கூவிக்கொண்டிருந்த சொல்லையே அவருடைய சமாதிச் சொல்லாக்கியவர்களுக்கு, நீங்கள் விசிலடித்தது தெரிந்தால் வருத்தம் வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மைத்துனரிடம் நீங்கள் சொன்ன பதில், சாவுக்கும் பறை சந்தோஷத்துக்கும் பறை என்ற பதில், ஒட்டவில்லை என்று நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள். அது ஏன் ஒட்டவில்லை என்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. கேட்கிற நமக்கு இரண்டும் பறைதான், அடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்ததில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் மேடைக்குப் பின்னால் பறைக் குழுவினரோடு உட்கார்ந்திருந்தேன். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுவின் மூத்தவர் வேப்பமரச் சட்டத்தையும், புளியங்கொட்டைப் பசை வைத்து மாட்டுத்தோலை ஒட்டிய விதத்தையும் எனக்குக் காட்டினார். இடது கையில் சிம்புக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி என்று ஒவ்வொன்றையும் இரண்டு இரண்டு சுற்று தொடையில் தட்டிக் காட்டினார். நேற்று ராத்திரி எங்கே நிகழ்ச்சி என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "நிகழ்ச்சியெல்லாம் இல்லைங்க, ஊர்ல ஒரு சாவு. போகலைன்னா விடமாட்டாக" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என் காதிலிருந்து போகவில்லை.

ஊர்ச் சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்பது ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட கட்டாயம். படியளக்கிற நெல்லுக்கும் மிச்சச் சோற்றுக்குமாகச் செய்ய வேண்டியிருந்த வேலை அது. இனிமேல் சாவுக்கு அடிப்பதில்லை என்று பறையைக் கீழே வைத்து, அதற்காக அடி வாங்கிய ஊர்களும் நம் பகுதியில் உண்டு. பிறகு அதே பறையை, கலை என்றும் உரிமை என்றும் சொல்லித் தாங்களாகவே கையில் எடுத்தார்கள். தொண்ணூறுகளில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரி வளாகத்தில் நடந்த தலித் கலைவிழாக்களில் பறை முழங்கியதைக் கேட்டவர்களுக்கு, அது வேறு ஓசை என்பது தெரியும். நீங்கள் விசிலடித்தது அந்த ஓசைக்கு. ஆகவே அதைக் கேட்டு எழுந்து ஆடியதில் தவறு எதுவுமில்லை, எழாமல் உட்கார்ந்திருந்தால்தான் மரியாதைக் குறைவு. ஆனால் வாழ்வையும் சாவையும் ஒன்றாகப் பார்க்கிற மக்கள் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்ள அந்தப் பறையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

பாட்டியின் ஒப்பாரிக்குக் கூட்டம் கைதட்டியது எனக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பதால், பாட்டுச் சேகரிக்கப் போகிறவர்களிடம் பெண்கள் எளிதில் பாடிவிட மாட்டார்கள். ஊர் எல்லைக்கு வெளியே, வயலிலோ மரத்தடியிலோ வந்து உட்கார்ந்த பிறகே வாயைத் திறப்பார்கள். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் அப்படி ஊர் ஊராக அலைந்து சேர்த்ததனால்தான் இந்தப் பாட்டுகளில் பலவும் மேடை ஏறின. மேடை என்று வந்துவிட்டால் கைதட்டலும் வரும், அதைத் தடுக்க முடியாது. கைதட்டாமல் தொண்டை அடைத்து உட்கார்ந்திருந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பது பாட்டிக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் பாடிய இழவுக்கு வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

துக்கம் பற்றி எனக்குப் பயம் வருவது வேறு இடத்தில். இர்வின் இறந்த மறுநாளே ஜெர்மெய்ன் கிரீர் என்ற எழுத்தாளர் லண்டன் கார்டியன் இதழில், விலங்குலகம் அவரைப் பழிதீர்த்துக்கொண்டது என்ற பொருளில் எழுதினார். அதற்கு அடுத்த வாரம் குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் வால் வெட்டப்பட்ட திருக்கைகள் செத்துக் கிடந்தன. பத்துக்குக் குறையாமல் என்றது செய்தி. இர்வினுக்காகப் பழிவாங்க யாரோ செய்த வேலையாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அவர் தொடங்கிய அமைப்பின் பொறுப்பாளரே, இதைவிட அவருக்கு எதிரான செயல் இருக்க முடியாது என்ற பொருள்படக் கண்டித்தார். கிரீரும் வால் வெட்டியவர்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றாலும் இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான், யாரோ யாரையோ பழிவாங்கியாக வேண்டும். அந்தத் திருக்கைக்கு இர்வின் யார் என்று தெரியாது. வானிலை கெட்டதால் எடுத்துக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டு, மகளுடைய நிகழ்ச்சிக்காகச் சில காட்சிகள் எடுக்கலாமென்று பாட் பவளத்திட்டில் ஆழமில்லாத நீரில் இறங்கியிருக்கிறார். தலைக்கு மேல் நிழல் விழுந்தால் சுறா வந்துவிட்டதென்று வாலை வீசுவது திருக்கையின் இயல்பு. அந்த முள் அவருடைய நெஞ்சில் பட்டது. நம் ஊரில் திருக்கைவால் என்றால் ஆளை அடிக்கிற சாட்டை. மீனுக்கு அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. துக்கம் பழியாக மாறி ஊரை எரித்த கதை மதுரைக்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் கண்ணகியேகூட நெருப்பிடம், இவர்களையெல்லாம் தொடாதே என்று ஒரு பட்டியல் சொன்னாள், அந்தப் பட்டியலில் பசுவும் இருந்தது.

இப்போது உங்கள் சாரைக்கு வருகிறேன். அதை அடிக்காமல் விட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். வாலைப் பிடித்துத் தூக்கினீர்களே, அதற்காகக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். இர்வின் மீது எனக்குத் தீராமல் இருக்கிற வருத்தமும் இதுதான். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் செய்ததை நாற்பது நிமிடம் பார்த்தவர்கள் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். பிறந்து ஒரு மாதமே ஆன மகனை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் முதலைக்கு இறைச்சி கொடுத்தார் என்று 2004 ஜனவரியில் எழுந்த கண்டனத்தில், என்னைப் பொறுத்தவரை, நியாயம் இருந்தது. நீங்கள் உங்கள் ஏழு வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாம்பைத் தூக்கியிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாளில் அவளும் தூக்குவாள். அவள் கையில் சிக்குவது சாரையாகத்தான் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? வைக்கோல் படப்பைத் தேடி எலி வரும், எலியைத் தேடிச் சாரையும் வரும், நல்லபாம்பும் வரும், கண்ணாடி விரியனும் வரும். அந்தி மயக்கத்தில் சாரைக்கும் நல்லபாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்கள் நம் கிராமங்களில் ஏராளம். செங்கல்பட்டுப் பக்கத்தில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு பிடித்து, கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிற இருளர்கள், தலைமுறை தலைமுறையாக அதைக் கற்றவர்கள். நமக்கு அந்தக் கை கிடையாது. வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் பாம்பின் முதுகெலும்பும் விட்டுப்போகலாம், அந்தச் சாரை ஓடை தாண்டிப் பிழைத்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஒருவேளை யாரையாவது பாம்பு கடித்துவிட்டால், கட்டுப் போடுவது, கீறிவிடுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான்.

அறுப்பு வரப்போகிறது, எலி பெருகும், சாரையும் திரும்ப வரும். அப்போது மகளைத் திண்ணையில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அது படப்பை விட்டு இறங்கி வரப்போரமாகப் போகிற வரைக்கும் இருவரும் சத்தம் போடாமல் பாருங்கள். போய் மறைந்த பிறகு அவள் "கிரைக்கி" என்று கத்தினால் கத்தட்டும்.

அன்புடன்.